இலையின் இடப்பக்கம்

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நியூ ஹேவனுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அக்டோபர் மாதத்துக் காலை. வண்டி கனெக்டிகட் மாநிலத்துக்குள் புகுந்த பிறகு, வலப்பக்க ஜன்னலில் கடல் எட்டிப் பார்ப்பதும் மறைவதுமாகக் கூடவே வந்தது. மரங்களெல்லாம் மஞ்சளும் துருச்சிவப்புமாக மாறியிருந்தன. மஞ்சள் என்றால் சரக்கொன்றை பூத்த மஞ்சள். இந்த நிறங்களைப் பார்ப்பதற்கென்றே இந்தப் பருவத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். நான் வந்தது ஜாடிகளில் பாதுகாத்து வைத்திருக்கும் மனித மூளைகளைப் பார்க்க.

நியூ ஜெர்சியில் தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிக்கொண்டேன். "நயாகரா பாக்கலாம்னா வேண்டாங்கறே, இதுக்குப் போய் ஒரு நாளா அண்ணே?" என்று தங்கை கேட்டாள். அவளிடம் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்தவர். ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவர் ஒரு தை அமாவாசை அன்று இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "உப்பு வைக்கலியா?" என்று கேட்டார். "கண்ணு முன்னாடிதானே இருக்கு" என்றாள் அம்மா. இலையின் இடது மூலையில், வழக்கமாக வைக்கிற இடத்தில், உப்பும் ஊறுகாயும் இருந்தன. அப்பா தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் அதையே மறுபடி கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கறத இல்லன்னு சொன்னா நான் என்னதான் பண்றது?"

பிறகு பேப்பர் படிப்பது தகராறானது. "வரி எங்க தொடங்குதுன்னே புடிபட மாட்டேங்குது" என்றார். நிலைப்படியில் இடது தோள் இடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியை இரண்டு முறை மாற்றினோம். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், இடப்பக்கம் கையைக் காட்டி, "செவப்பும் பச்சையுமா கோலிக்குண்டு உருளுது" என்றார். அரை நிமிஷம் இருந்திருக்கும், போய்விட்டது. ஒற்றைத் தலைவலியாக இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டினோம். விடிகாலையில் தலைவலியும் வாந்தியும் வந்த பிறகுதான் ஒரு கண் டாக்டர் பார்வைப் புலச் சோதனை செய்தார். நட்ட நடுவே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முடிவில் கண்ணுக்கு ஒரு படமாக இரண்டு வட்டப் படங்கள் அச்சாகி வந்தன. இரண்டிலும் இடப்பாதி கன்னங்கரேலென்று இருந்தது. "கண்ணுல ஒண்ணும் இல்ல. தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க" என்றார் டாக்டர். வலப்பக்கப் பிடரி மடலில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி.

அந்தக் கறுப்பு அம்மாவின் மனத்தில் பதிந்துவிட்டது. அப்பாவின் கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு விளக்கை இரவு முழுக்க எரியவிட்டாள். அவர் போன பிறகு ஒருநாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "தம்பி, அவருக்கு அந்தப் பக்கம் பூராவும் இருட்டாவேவா இருந்திருக்கும்?"

நியூ ஹேவன் நிலையத்தில் இறங்கி மருத்துவக் கல்லூரி இருக்கும் சீடர் தெருவுக்கு நடந்தே போனேன். யேல் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டால் சென்னைக்காரர்களுக்குக் கோட்டை நினைவு வரவேண்டும். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேலின் பெயர்தான் அது. மதராஸில் சேர்த்த செல்வத்திலிருந்து 1718-இல் அவர் அனுப்பிய பொதிமூட்டைகளுக்கும் புத்தகங்களுக்கும் நன்றியாகத்தான் கல்லூரிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அவருடைய மகனின் கல்லறை எழுப்பப்பட்டது சென்னையில், பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமான இடத்தில். அந்தச் செல்வம் வந்த வழிகளில் அடிமை வணிகமும் ஒன்று என்பதை இப்போது பல்கலைக்கழகமே ஒப்புக்கொள்கிறது.

மருத்துவ நூலகத்துக்குள் நுழைந்து, படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனால் குஷிங் மையம். முதல் பார்வையில் மூச்சு ஒரு கணம் நின்றுவிட்டது. மங்கலான அறை. சுவர் நெடுக மர அலமாரிகள். தட்டுக்குத் தட்டு கண்ணாடி ஜாடிகள், நூற்றுக்கணக்கில். பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் ஜாடிக்குள் இருக்கும் திரவம் தேன் நிறத்தில் ஒளிர்கிறது. அதற்குள் மூளைகள். சில முழுதாக, சில ரொட்டி அரிந்த மாதிரி துண்டுகளாக. பயம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை. கோயில் கருவறைக்கு வெளியே நிற்கும்போது குரல் தானாகத் தாழ்கிறதே, அப்படித்தான் இருந்தது.

ஹார்வி குஷிங் 1869-இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். மூளை அறுவை என்பதைத் தனித் துறையாகவே நிலைநிறுத்தியவர். அவர் தொழிலுக்கு வந்த நாளில் மண்டையைத் திறந்தால் பிழைப்பவர் சிலரே. அவர் ஓய்வு பெறும்போது, அவர் கையில் அறுவைக்குப் பின் இறப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ரத்தக் குழாயைப் பிடித்து நிறுத்த 1911-இல் வெள்ளி கிளிப்புகளை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1926-இல் இயற்பியலாளர் வில்லியம் போவியோடு சேர்ந்து, மின்சாரத்தால் திசுவை அறுத்து ரத்தத்தைக் கட்டும் கருவியை மூளை அறுவைக்குள் கொண்டுவந்தார். 1931-இல் அவருடைய இரண்டாயிரமாவது மூளைக்கட்டி அறுவை நடந்தது. பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையிலிருந்து 1930-களில் யேலுக்கு வந்தபோது, தான் அகற்றிய கட்டிகளையும் இறந்த நோயாளிகளின் மூளைகளையும் குறிப்புகளையும் படங்களையும் தன்னோடு கொண்டுவந்தார். 2,200-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் வரலாறு, 15,000-க்கும் மேற்பட்ட புகைப்பட நெகட்டிவ்கள்.

இதையெல்லாம் கட்டிக் காத்தவர் லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண்மணி. குஷிங்கிடம் உதவியாளராகச் சேர்ந்தவர், பிறகு மருத்துவம் படித்து 1925-இல் பட்டம் வாங்கி, நரம்புத் திசு நோயியலில் பெரிய நிபுணரானார். அறுவையின் நடுவிலேயே திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து இன்ன கட்டி என்று சொல்வார். குஷிங் பெயரை ஊரே சொல்கிறது. என்னைக் கேட்டால் அந்த அறையில் பாதிப் பெயர் இவருடையது.

குஷிங் 1939-இல் இறந்தார். பிறகு இந்தச் சேகரிப்பைச் சீந்துவாரில்லை. மருத்துவ மாணவர் விடுதியின் நிலவறையில் ஜாடிகள் தூசி படிந்து கிடந்தன. மாணவர்கள் இரவில் ரகசியமாக உள்ளே புகுந்து, பார்த்துவிட்டு, ஒரு பலகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது ஒரு சடங்காகவே இருந்தது. அப்படிப் பார்த்த மாணவர்களில் ஒருவர் 1990-களில் இதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட பிறகுதான் மீட்பு தொடங்கியது. 2010-இல் இந்த மையம் திறக்கப்பட்டது.

நான் ஜாடி ஜாடியாக, மூளையின் பின்கோடியையே தேடிக்கொண்டு போனேன். பிடரி மடல் மூளையின் மடல்களில் சிறியது. இரு கைகளையும் கோத்துத் தலைக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்து உட்காருவோமே, உள்ளங்கை படும் அந்த இடத்துக்கு உள்ளே இருக்கிறது. கண் முகத்தில் இருக்க, பார்வை அங்கே நடக்கிறது. ஒரு காட்சியின் இடப்பாதி இரண்டு கண்களிலும் விழித்திரையின் வலப்பாதியில்தான் விழும். இரண்டு கண்களின் அந்த நரம்புகளும் ஒன்றுசேர்ந்து வலப்பக்கப் பிடரி மடலுக்கே போகின்றன. அதனால்தான் அப்பா எந்தக் கண்ணை மூடிக்கொண்டாலும் அதே பாதி காணாமல் போனது. கண்ணாடியை எத்தனை முறை மாற்றினால் என்ன?

1776-இல் இத்தாலியின் பார்மா நகரத்தில் ஜெனாரி என்ற மாணவர், பனிக்கட்டியில் இறுக வைத்த மூளை ஒன்றை அரிந்தபோது, பின்பகுதியின் சாம்பல் நிறப் புறணிக்குள் மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடுவதைக் கண்டார். கண்ணாலேயே தெரிகிற கோடு. பார்வை அங்கேதான் வந்து சேர்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அங்கே எந்த இடத்தில் பார்வையின் எந்தப் பகுதி என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ள மனிதர்கள் சுடப்பட வேண்டியிருந்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில், அதிவேகமாகப் பாயும் சிறிய தோட்டாக்கள் பிடரி வழியே துளைத்து வெளியேறியும் சிப்பாய்கள் பிழைத்தார்கள். இனோயே தட்சுஜி என்ற இளம் ஜப்பானியக் கண் மருத்துவர், எந்த இடத்தில் துளை, எந்தப் பக்கம் பார்வை போனது என்று ஒவ்வொருவருக்கும் கணக்கெடுத்தார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மருத்துவர் கோர்டன் ஹோம்ஸ் அதையே இன்னும் விரிவாகச் செய்தார். மூளையின் கடைக்கோடி முனையில், பார்வையின் நட்ட நடுப்பகுதி. அங்கே ஓடும் ஒரு மடிப்பின் மேற்கரையில் உலகின் கீழ்ப்பாதி, கீழ்க்கரையில் மேற்பாதி. தலைகீழாக மடித்து வைத்த ஊர் வரைபடம் போல.

ஸ்கேன் என்ற ஒன்று இல்லாத அந்தக் காலத்தில் குஷிங்குக்கு இந்த வரைபடம்தான் வழிகாட்டி. நோயாளியை ஒரு வளைவுக் கருவியின் முன் உட்காரவைத்து, சின்ன வெள்ளை வட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்துவார்கள். தெரிந்ததும் நோயாளி சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தைக் கறுப்பாகத் தீட்டுவார்கள். அந்தக் கறுப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான், மண்டையில் எங்கே திறப்பது என்று தீர்மானித்தார்கள். நோயாளியின் வாய்ச்சொல்லே ஸ்கேன். அவருடைய சகாக்கள் ஹொராக்ஸும் பட்னமும் 1932-இல் பிடரி மடல் கட்டிகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். பார்வைப் புலம் எப்படிக் குறைகிறது, இல்லாத காட்சிகள் எப்படித் தோன்றுகின்றன என்பதுதான் அதன் பொருள். அப்பாவின் கோலிக்குண்டுகளுக்கு அங்கே இடம் இருக்கிறது. ஒற்றைத் தலைவலியில் பெரும்பாலும் நெளிநெளியான வெள்ளைக் கோடு, கால் மணி, அரைமணி என்று மெல்லப் பரவும். பிடரி மடலில் எழும் வலிப்பில் வண்ண உருண்டைகள், ஒரே பக்கத்தில், சில நொடிகளிலிருந்து இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் வந்து மறையும். இந்த வித்தியாசம் எங்கள் திண்ணையில் யாருக்காவது தெரிந்திருந்தால்.

ஒரு ஜாடியில், மூளையின் மேல் உருண்டையான கட்டி ஒன்று குழி பறித்து உட்கார்ந்திருந்தது. கட்டிக்கும் மூளைக்கும் நடுவே எல்லை தெளிவாகத் தெரிந்தது. மூளையின் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா. 1922-இல் குஷிங் வைத்த பெயர்தான் அது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மூளையை நசுக்குமே தவிர அதற்குள் கலக்காது. அடுத்த ஜாடி வேறு மாதிரி. எங்கே மூளை முடிகிறது, எங்கே கட்டி தொடங்குகிறது என்று சொல்லவே முடியவில்லை. பாலில் பிரை ஊற்றிய பிறகு எது பால், எது பிரை என்று பிரிக்க முடியுமா? கிளையோமா என்பது அதுதான். மூளையின் தாங்கு செல்களிலிருந்தே பிறந்து, நரம்பிழைகளுக்குள்ளேயே ஊர்ந்து பரவுவது. அவற்றில் மிகக் கொடியதற்கு கிளையோபிளாஸ்டோமா என்ற பெயர் நிலைத்தது, 1926-இல் பெய்லியும் குஷிங்கும் செய்த வகைப்பாட்டால். அப்பாவின் பயாப்ஸி தாளில் இருந்த பெயர் அது. நுரையீரலிலோ மார்பகத்திலோ தோலிலோ தொடங்கிய புற்று, ரத்தத்தோடு வந்து பிடரி மடலில் குடியேறுவதும் உண்டு. அப்பாவுக்கும் முதலில் அப்படித்தான் இருக்குமோ என்று உடம்பு முழுக்கத் தேடினார்கள்.

அந்த ஜாடியின் முன் வெகுநேரம் நின்றேன். அறுவை, ரேடியேஷன், டெமோசோலோமைட் மாத்திரை, எல்லாம் அப்பாவுக்கு நடந்தது. அந்த மாத்திரையை ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுத்த, 573 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வின் முடிவு 2005-இல் வந்தது. நோயாளிகளில் பாதிப்பேர் கடக்கும் காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்திருந்தது. இரண்டரை மாதம். கேட்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். அப்பா பதினாறு மாதம் இருந்தார். அதற்குள் தங்கைக்கு வளைகாப்பு நடந்தது, அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். அந்த மாதங்களை நான் அற்பம் என்று சொல்ல மாட்டேன்.

பயிற்சியாளர் ஒரு பெண் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் தலை திருப்பக் கற்றுக்கொடுத்தார். பேப்பரின் ஒவ்வொரு பத்திக்கும் இடது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போடச் சொன்னார். அந்தக் கோடு தெரியும்வரை கண்ணை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும், அங்கிருந்துதான் வரி தொடங்குகிறது. தினமும் காலையில் பேப்பருக்குக் கோடு போடுவது என் வேலை. அப்பா பேப்பரைப் படித்துவிட்டு, அந்தச் சிவப்புப் பேனாவையே வாங்கி அச்சுப்பிழைகளைத் திருத்தினார். உப்பை வலப்பக்கம் வைக்கிறேன் என்று அம்மா சொன்னபோது, வேண்டாம், அவர் தேடட்டும் என்று சொல்லிவிட்டார் அந்தப் பெண். அம்மாவுக்கு அது மனசே ஆகவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த அம்மாளைக் கவனித்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அலமாரியின் முன்னால் நின்று, ஏழெட்டு நொடிக்கு ஒருதரம் தலையை இடப்பக்கம் வெட்டித் திருப்பி, மறுபடி நேரே பார்த்தார். அந்தத் திருப்பல் எனக்குத் தெரியும். தோள் அசையாமல், மோவாய் கொஞ்சம் தாழ்ந்து, அப்பா செய்வது அதேதான். சற்றுத் தயங்கிவிட்டு அருகில் போய், என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "வலப்பக்கமா?" என்று கேட்டுத் தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு மெனிஞ்சியோமா. பதினோரு வருஷத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இடப்பாதி திரும்பி வரவில்லை. கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். தன்னைப் போன்றவர்களின் மூளையைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறாராம்.

அம்மாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் இருட்டாக இருக்குமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டார்.

"ஒன்றும் தெரியவில்லை."

"கறுப்பாக இருக்கிறதா?"

யோசித்துப் பார்த்தேன். கறுப்பாக இல்லை. வெள்ளையாகவும் இல்லை. அங்கே எதுவும் இல்லை, இல்லை என்பதும் எனக்கு இதுவரை உறைக்கவில்லை.

"அப்படித்தான். எனக்கு அந்த எல்லை கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது" என்றார். "முதலில் எனக்குத் தெரியவே தெரியாது. என் கணவர் காப்பிக் கோப்பையை இடப்பக்கம் வைத்துவிட்டு, வைத்தேன் என்று சொன்னபோது அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்."

இருட்டைப் பார்க்கவும் மூளையில் அதற்கான இடம் வேண்டும். அந்த இடமே போய்விட்டால் இருட்டுக்கும் இடமில்லை. படத்தில் இருந்த கறுப்பு, அச்சு எந்திரம் போட்ட மை.

வெளியே வந்து நிலையத்துக்கு நடந்தேன். ஊரில் அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். அம்மா தூங்கியிருப்பாள் என்று காத்திருந்து, தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது. வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். தலைக்குப் பின்னால் என்ன தெரியுது பாரும்மா என்று அவளிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு, "இருட்டா இல்லடா."

"ஆமாம்மா."

"அப்ப அவர் உப்பு இல்லேன்னது நெசந்தான்."

"நெசந்தாம்மா."

"அந்த லைட்ட நான் சும்மாத்தான் எரியவிட்டிருக்கேன், இல்ல?"

"இல்லம்மா. ராத்திரி முழிப்பு வந்து தலைய அந்தப் பக்கம் திருப்பினார்னா, நீ தூங்கறது அந்த வெளிச்சத்துலதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நான் எங்க தூங்கினேன்" என்றாள் அம்மா.